பெயர்மேல் ஒரு கோடு

தாய்மாமனின் பெயரை எடுத்துவிடு என்று யாரும் லோஷினியிடம் சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டார் சொல்லவில்லை, அப்பா சொல்லவில்லை, கல்யாணம் என்றதும் வாய் நீளும் உறவுக்காரர்கள்கூடச் சொல்லவில்லை. அவளாகத்தான் நினைத்தாள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் பிற்பாடு வீட்டில் ஆளாளுக்கு மாப்பிள்ளை வீட்டார் தலையில் பழியைக் கட்டப் பார்த்தார்கள்.

லோஷினி ஜொகூர் பாருவில் ஒரு நிறுவனத்தில் வலைப்பக்கங்கள் கட்டுகிற வேலையில் இருப்பவள். அப்படிப்பட்டவளின் கல்யாணத்துக்கு வெறும் அச்சுப் பத்திரிகை போதுமா? வயதானவர்களுக்கும் முறைக்கு வைக்க வேண்டியவர்களுக்கும் மட்டும் கொஞ்சம் அச்சடித்துக்கொண்டு, மற்ற எல்லோருக்கும் ஒரு வலைப்பக்கம் செய்து இணைப்பை அனுப்பிவிட்டாள். சிகாமட்டில் மண்டபம், அதற்கு வழி, மாப்பிள்ளை தீபனும் அவளும் சிரிக்கிற படங்கள், கெலாங் பாத்தாவில் வரவேற்பு, எல்லாம் அதில் இருந்தது. அச்சுப் பத்திரிகையில் இல்லாத ஒன்றும் இருந்தது. சடங்கில் யார் எதைச் செய்கிறார்கள் என்று ஒரு பகுதி. அதில் ஒரு வரி: மணப்பெண்ணுக்கு மாலை சூட்டி மணவறைக்கு அழைத்து வருபவர், தாய்மாமன் காளிதாஸ்.

காளிதாஸ் லோஷினியின் அம்மா புஷ்பவள்ளிக்கு ஒரே தம்பி. இருபது வயதைத் தாண்டிய கொஞ்ச நாளில் கண்ணில் அழுத்தம் ஏறி, வைத்தியத்துக்கு மசியாமல் இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. குளுவாங்கில் உடம்பு பிடித்துவிடும் கடையில் வேலை, லாயாங் லாயாங்கில் வீடு. பாவப்பட்ட ஆள் என்று நினைத்துக்கொண்டு பேசப் போனால் ஏமாந்துபோவீர்கள். கால்பந்து விளையாட்டைப் பற்றி வாய் ஓயாமல் சண்டை போடுவார். சட்டை விஷயத்தில் மகா வீம்பு, துளி சுருக்கம் கையில் தட்டுப்பட்டாலும் திரும்பத் தேய்க்கச் சொல்வார். லோஷினி பிறந்ததிலிருந்து அவளுக்கு ஒவ்வொரு சடங்கிலும் முன்னால் நின்றவர் அவர்தான்.

எல்லாம் அந்த நேரலை விஷயத்தில் ஆரம்பித்தது. லீவு கிடைக்காத சிங்கப்பூர் சிநேகிதர்கள் பார்ப்பதற்காகக் கல்யாணத்தை நேரலையில் காட்டலாம் என்றான் தீபன். பெண் நடந்து வரும்போது கேமராக்காரர் முன்னாலேயே பின்வாக்கில் நடந்து வருவாராம், முகத்தை விட்டு நகரவே மாட்டாராம். லோஷினிக்கு உடனே மனதில் ஒரு படம் ஓடியது. மாலையோடு மாமாவின் கை காற்றில் தேடுகிறது. அவள் தலையைக் கண்டுபிடிக்க முடியாமல் காதில் இடிக்கிறது. மண்டபம் முழுக்க 'த்சொ' என்று பரிதாபப்படுகிறது. ஒருமுறை ஒரு காதுகுத்து வீட்டில் மாமாவின் கை பட்டுத் தண்ணீர்க் குவளைகள் சரிந்தபோது எழுந்த அதே 'த்சொ'. அந்தச் சத்தத்தை அவளால் தாங்க முடியாது. முக்கியமாகத் தன் கல்யாணத்தில், தன் அலுவலகத்துக்காரர்கள் முன்னால்.

அம்மாவிடம் அவள் இப்படிச் சொல்லவில்லை. "மாமா பாவம்மா, அந்தக் கூட்டத்துல கஷ்டப்படுவாரு" என்றாள். பாவம் என்ற சொல்லை முன்னால் விட்டால் எவ்வளவு மோசமான காரியத்தையும் அதன் பின்னால் ஓட்டிக்கொண்டு போகலாம். அம்மா ஒரு கூச்சல் போட்டிருக்க வேண்டும். கூடப் பிறந்தவன். கூச்சல் போடவில்லை. "அவன்கிட்ட யாரு சொல்றது?" என்று மட்டும் கேட்டாள். அம்மாவுக்கும் அந்த எண்ணம் உள்ளே எங்கேயோ இருந்திருக்கிறது என்று லோஷினிக்கு அப்போது தெரிந்துபோனது. அது அவளுக்கு ஆறுதலாகவும் இருந்தது, அருவருப்பாகவும் இருந்தது.

அம்மாவின் சித்தப்பா மகன் செல்வா, சிங்கப்பூரில் வேலை, உடற்பயிற்சிக்கூடத்தில் ஏற்றிய தோள். அவனும் முறைக்குத் தாய்மாமன்தானே. கேட்டதும், "எனக்கு ஓகே லா" என்று ஒரு வரியில் முடித்துவிட்டான்.

பக்கத்தைத் திருத்த உட்கார்ந்தாள். அதே நாளில்தான் ஐயர் பஞ்சாங்கத்தை மறுபடி பார்த்துவிட்டு முகூர்த்தத்தை ஒன்பது மணியிலிருந்து பத்தரைக்கு மாற்றியிருந்தார். வலைப்பக்கம் எழுதுகிறவர்களுக்கு, அழித்த எழுத்தை அழித்தது என்று காட்டுவதற்கு ஒரு குறி உண்டு. 'டெல்' என்பார்கள். நீக்க வேண்டிய எழுத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. உள்ளே இருப்பது பக்கத்தை விட்டுப் போகாது. நடுவில் ஒரு கோடு மட்டும் விழும். லோஷினியின் நிறுவனத்தில் இது கண்டிப்பான பழக்கம். வெளியே போய்விட்ட பக்கத்தில் எதையும் சத்தமில்லாமல் எடுக்கக் கூடாது, பழையதில் கோடு போட்டுப் பக்கத்தில் புதியதை எழுத வேண்டும், படிப்பவனை ஏமாற்றக் கூடாது. கை அந்தப் பழக்கத்தில் போனது. ஒன்பது மணியில் ஒரு கோடு, பக்கத்தில் பத்தரை. தாய்மாமன் காளிதாஸில் ஒரு கோடு, பக்கத்தில் தாய்மாமன் செல்வா.

சும்மா எடுத்துவிட்டிருந்தால் பாதிப் பேர் கவனித்திருக்கவே மாட்டார்கள். கோடு போட்டதும் ஊருக்கே கண் அங்கேதான் போனது. திரையில் பார்க்க அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது. உயிரோடு இருக்கிற மனிதரின் பெயர்மேல் கோடு. ஆனாலும் மறைக்காமல் செய்திருக்கிறோம் என்று தன்னைத் தட்டிக்கொடுத்துக்கொண்டாள். மாமாவிடம் நேரில் சொல்லத் துப்பில்லாதவள், பக்கத்தில் நேர்மையாக இருந்தாளாம்.

குடும்பத்தின் வாட்ஸ்அப் புலனக் குழுவில் இணைப்பு மறுபடி போனது. பெரியப்பா வீட்டிலிருந்து கும்பிடு போட்டார்கள். ஒருத்தி கட்டைவிரலைத் தூக்கினாள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் பார்த்தார்கள், எல்லோருக்கும் புரிந்தது, எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். எங்கே கேட்டால், "அப்படின்னா நீயே அவர்கிட்டச் சொல்லிடேன்" என்று தன் தலையில் விழுமோ என்று பயம்.

காளிதாஸின் கைப்பேசி திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும். அதனால் அம்மா தன் தம்பிக்கும் இணைப்பை அனுப்பி, "பக்கத்துல மாத்தியிருக்கு தம்பி, கேட்டுக்கோ" என்று குரல் பதிவு போட்டாள். சொல்லியாகிவிட்டது என்று அதற்குப் பெயர். இருவரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தார்கள். சாயங்காலம் பதில் வந்தது. "கேட்டேன்கா. செல்வாவப் போட்டது நல்லதுதான். எனக்கும் பாரம் கொறையும். லோஷிகிட்டச் சொல்லு, பக்கம் ரொம்ப அழகா இருக்காம், எல்லாரும் சொல்றாங்க."

அம்மா அழுதுவிட்டாள். "தங்கம்டி என் தம்பி. ஒரு வார்த்தை கோவிச்சானா பாரு." லோஷினிக்கும் கண் கலங்கியது. மாமாவின் பெருந்தன்மையைப் பற்றி அப்பாவிடமும் தீபனிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். அன்றைக்கு ராத்திரி இரண்டு பேரும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

தாய்மாமன் வீட்டுக்கு வெற்றிலை பாக்கோடு நேரில் போய்ப் பத்திரிகை வைப்பது முறை. மாலையைப் பிடுங்கிக்கொண்டாலும் முறையை விட முடியுமா? ஞாயிற்றுக்கிழமை காலையில் தாம்பூலத் தட்டோடு அம்மாவும் மகளும் லாயாங் லாயாங் போனார்கள்.

வரிசை வீட்டின் கூடத்தில் காளிதாஸ் தேய்த்த சட்டையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கடைத்தெருவில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் ஆசிம், பிளாஸ்டிக் பையில் தே தாரிக் என்கிற ஆற்றிய டீயைக் கொண்டு வந்து குவளைகளில் ஊற்றிக்கொண்டிருந்தார். காளிதாஸை எங்கே கூட்டிப் போவதென்றாலும் ஆசிமின் கார்தான்.

"வாங்கக்கா. லோஷி, என்ன இவ்ளோ மெதுவா நடக்கற? இப்பவே பொண்ணு நடை பழகுறியா?" என்று சிரித்தார் காளிதாஸ். சோபாவில் கிடந்த ஜிப்பாவை எடுத்து நீட்டினார். "இது என்ன கலர், நீயே சொல்லு. நீலம்னு ஆசிம் சத்தியம் பண்றான். பச்சையா இருந்துச்சுன்னா, இவன் கடையில இனிமே டீ குடிக்க மாட்டேன்."

"நீலம்தான் மாமா. அழகா இருக்கு."

"அப்பாடா. கேமராவுல நல்லா விழணும்ல?"

விருந்தாளியாக வருகிறவருக்கும் நல்ல உடுப்பு வேண்டும்தானே என்று லோஷினி நினைத்துக்கொண்டாள். ஆனால் அவர் நிறுத்தவில்லை.

"அக்கா, உங்ககிட்டச் சொல்லல. போன வாரம் சிகாமட் போய் மண்டபத்தப் பாத்துட்டு வந்தோம். வாசல்லருந்து மணவறை வரைக்கும் ஆசிம் கையப் புடிச்சுக்கிட்டு நடந்தேன். அப்புறம் கைய விட்டுட்டு நடந்தேன். கார்பெட் ஓரம் கால்ல தட்டுது, அதப் புடிச்சுக்கிட்டாப் போதும், நூல் புடிச்ச மாதிரி போயிடலாம். ஆசிம் தலையில துண்டச் சுத்திக்கிட்டு நின்னான், மாலை போடறதுக்கும் பழகிட்டேன். மேடை ஏறுற எடம்தான் கொஞ்சம் ஒதைக்குது. அங்க செல்வா புடிச்சுக்குவான்ல?"

அம்மா தட்டோடு நின்றாள்.

"செல்வாவா?" என்றாள் லோஷினி.

"ஆமா லா. ரெண்டு பேரு பேரையும் போட்டிருக்கியே. ஒருத்தர் கூட இருந்தா நல்லாருக்கும்னு நானே கேக்கலாம்னு இருந்தேன்மா. கூச்சமா இருந்துச்சு. நீயா யோசிச்சு அவனையும் சேத்துட்ட."

அம்மா லோஷினியைப் பார்த்தாள். லோஷினி தரையைப் பார்த்தாள். பெருந்தன்மை என்று அழுதார்களே, அந்த மனிதருக்கு விஷயமே போய்ச் சேரவில்லை. எப்படி என்று அவளுக்குப் பிடிபடவில்லை. பக்கத்தைக் கேட்டேன் என்றுதானே சொன்னார்?

"ஆனா லோஷி, ஒரு சந்தேகம். உன் பக்கத்துல நேரம் ரெண்டு சொல்லுது. கேளு." காளிதாஸ் கைப்பேசியை எடுத்து விரலால் தடவினார். மரத்துப்போன ஒரு பெண்குரல் படித்தது: "முகூர்த்தம் காலை ஒன்பது மணி காலை பத்தரை மணி."

"இதுல எது? ஆசிம் எத்தனை மணிக்கு வண்டி எடுக்கணும்?"

தப்பிக்க ஒரு சந்து கிடைத்தது போல லோஷினி அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு அவளிடம் பதில் இருந்தது. தொழில் தெரிந்தவளின் சுறுசுறுப்போடு சொன்னாள்: "பத்தரைதான் மாமா. ஒன்பது பழசு. அத அழிச்சாச்சுன்னு காட்டறதுக்குக் குறுக்கால ஒரு கோடு போட்டிருக்கேன்."

"கோடு போட்டா அதப் படிக்காதா?"

"எழுத்தப் படிச்சிடும் மாமா. கோடு இருக்குன்னு சொல்லாது. இது நெறைய ஃபோன்ல இருக்கற பிரச்சினைதான். கோடு நம்ம கண்ணுக்கு மட்டும்..."

அங்கே வார்த்தை நின்றது. சொல்லிவிட்டது என்ன என்று அவளுக்கே அப்போதுதான் உறைத்தது.

காளிதாஸ் கைப்பேசியைக் காதருகே கொண்டுபோனார். விரல் திரையில் கீழே போனது. குரல் படித்தது: "மணப்பெண்ணுக்கு மாலை சூட்டி மணவறைக்கு அழைத்து வருபவர் தாய்மாமன் காளிதாஸ் தாய்மாமன் செல்வா." விரலை மறுபடி வைத்தார். குரல் மறுபடி அதையே படித்தது.

"இதுலயும் கோடு இருக்கா?"

"தம்பி..." என்றாள் அம்மா.

"லோஷி சொல்லட்டும்கா."

"இருக்கு மாமா."

"எதுல?"

அவர் உண்மையாகவே கேட்டார். செல்வாவின் பெயரில் இருக்கும் என்றுகூட ஒரு நொடி நம்பியிருப்பார் போல. லோஷினி அந்த நீல ஜிப்பாவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"உங்க பேர்ல."

ஆசிம் குவளையைச் சத்தம் வராமல் மேசையில் வைத்துவிட்டு வாசல் பக்கம் நகர்ந்தார்.

"எல்லாரும் பாத்துட்டாங்களா?" என்றார் காளிதாஸ்.

"பாத்துட்டாங்க மாமா."

"மாப்பிள்ளை வீட்ல?"

"அவங்களும்."

"மண்டபத்துல அந்த மேனேஜர்? அவருக்கும் இது போயிருக்கா?"

மேடை அலங்காரத்துக்காக அவருக்கும் இணைப்பை அனுப்பியிருந்தாள். "ஆமா" என்றாள்.

காளிதாஸ் மெதுவாகத் தலையாட்டினார். "அதான். நான் மாலை போட்டுப் பழகுறப்ப அந்த ஆளு ஒண்ணுமே பேசல. பெரியப்பா வீட்டுக்கு ஃபோன் போட்டு, நானும் செல்வாவும் சேந்து கூட்டிட்டு வர்றோம்னு பெருமையடிச்சேன். சரி சரின்னு வச்சிட்டாங்க. கடையில எல்லார்கிட்டயும் சொன்னேன்." அவர் காதுமடல் சிவந்துவிட்டது. தப்புச் செய்தவர்கள் எதிரே நிற்க, கூசிப்போனது அவர் உடம்புதான். கையிலிருந்த ஜிப்பாவை மடிக்கத் தொடங்கினார். மடிப்பு ஒழுங்காக வரவில்லை, பிரித்து மறுபடி மடித்தார்.

அம்மாவால் தாங்க முடியவில்லை. "மாப்பிள்ளை வீட்லதான்டா, அந்த நேரலை, கேமரா அது இதுன்னு..."

"இல்ல மாமா. அவங்க ஒண்ணும் சொல்லல. நான்தான்" என்றாள் லோஷினி.

"ஏம்மா?"

"நீங்க தடுமாறுவீங்கன்னு. ஆளுங்க பாப்பாங்கன்னு."

"வெக்கமா இருந்துச்சா உனக்கு?"

இல்லை என்று சொல்ல ஆயிரம் வழி இருந்தது. கூட்டம், படி, பத்திரம், அக்கறை. "ஆமா மாமா" என்றாள். அந்த வெட்கம் இப்போது திரும்பி அவள் மேலேயே கொதிக்கக் கொதிக்கக் கொட்டிக்கொண்டிருந்தது.

"சரி" என்றார் அவர். திட்டவில்லை. திட்டியிருந்தால் காலில் விழுந்திருக்கலாம்.

லோஷினி கைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்தாள். பக்கத்தின் உள்ளே போனாள். இரண்டு தரம் கடவுச்சொல் தப்பியது. குறி இரண்டையும் பிடுங்கினாள், செல்வாவின் பெயரையும் பழைய ஒன்பது மணியையும் அடியோடு எடுத்தாள், சேமித்தாள். "மாமா, மாத்திட்டேன். இப்பக் கேளுங்க. நீங்க மட்டும்தான். நீங்கதான் மாமா என்னக் கூட்டிட்டு வரணும். கெஞ்சிக் கேக்கறேன்."

காளிதாஸ் பக்கத்தைப் புதுப்பித்துவிட்டு விரலை வைத்தார். "மணவறைக்கு அழைத்து வருபவர் தாய்மாமன் காளிதாஸ்" என்றது குரல்.

"கேட்டுச்சா மாமா?"

"கேட்டுச்சு. முன்னாடியும் என் பேரு கேட்டுச்சேம்மா."

லோஷினிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது, "கோடு இல்ல மாமா, சத்தியமா எடுத்துட்டேன்" என்றாள். சொல்லும்போதே அந்தச் சத்தியத்துக்கு இந்த வீட்டில் என்ன மதிப்பு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அம்மா, "இல்லடா தம்பி, நானும் பாத்தேன்" என்றாள்.

காளிதாஸ் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி, "ஆசிம்" என்று கூப்பிட்டார். "இங்க வாயேன். இதக் கொஞ்சம் பாரு. என் பேர்ல கோடு ஏதும் இருக்கா?"

ஆசிம் உள்ளே வந்தார். கைப்பேசியை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பினார். ஒரு தரம் பார்த்தார். பிறகு விரலால் பெரிதாக்கி, அந்த வரியை எழுத்தெழுத்தாகப் பார்த்தார். கல்யாணப் பெண்ணும் அவள் அம்மாவும் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இல்லண்ணே. சுத்தமா இருக்கு."

"நேரம்?"

"பத்தரைன்னு மட்டும்தான் இருக்கு."

"அப்பச் சரி. வெத்தலையக் கொடுங்கக்கா" என்று காளிதாஸ் இரண்டு கையையும் நீட்டினார்.

அம்மா தட்டை லோஷினியிடம் கொடுத்தாள். அதை அவர் கைகளில் வைத்தபோது லோஷினியின் முகம் இருந்த இருப்பை அவரால் பார்க்க முடியாது என்பதில் அவளுக்கு ஒரு நொடி நிம்மதி வந்தது. அப்படி ஒரு நிம்மதி வந்ததே என்று கூசிச் செத்துப்போனாள். ஆசிம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.